ஆடியவர் ஆசானானபோது – 9: உரால் மலையடியில் ஒரு பயிற்றுநர்

1980-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, மாஸ்கோ நகரத்து லெனின் மத்திய விளையாட்டரங்கில் பெருங்கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்ய, மும்முறைத் தாண்டலில் மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்ற விக்தர் சனேயெவ் ஏந்தி வந்த தீப்பந்தத்தைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, பார்வையாளர் வரிசைகளில் இருந்தவர்கள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த பலகைகளே பாதையாக அமைய, அவற்றின்மீது கால் பதித்து மேலே மேலே ஓடி, உச்சியிலிருந்த கொப்பரையில் ஒலிம்பிக் அக்கினியை மூட்டினார் ஒரு மனிதர். அவருக்கு அப்போது வயது 36. சோவியத் தேசத்தின் கூடைப்பந்து அணியில் ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் ஆடிக் களைத்த முழங்கால்களோடுதான் அந்தப் பாதையில் அவர் ஏறினார். செர்கேய் பெலோவ் என்பது அவர் பெயர். ஆட்டக்காரராக அவர் ஈட்டிய கீர்த்தி அன்றைக்கே பூரணமாகிவிட்டது. ஆசானாக அவர் செய்த காரியமோ அதன் பிறகுதான் தொடங்கியது; நம்முடைய இந்தத் தொடருக்கு அதுவே முக்கியமானது.

அந்த அக்கினி மூட்டப்பட்ட நாளில் நம் மலேசிய வீரர்கள் அந்த அரங்கத்தில் இல்லை. அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி, ஜேம்ஸ் வோங் அடித்த கோலால் மாஸ்கோவுக்குப் போகும் உரிமையைப் பெற்ற நம் காற்பந்து அணி, ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் அரசாங்கம் எடுத்த முடிவினால் வீட்டிலேயே தங்கிவிட்டது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. ஹாக்கி அணியும் போகவில்லை. கெடா மாநிலத்தில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்துத் தோட்டங்களில், பால்வெட்டு முடிந்து வந்து வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து காற்பந்து கேட்ட ஒரு தலைமுறைக்கு அந்த ஏமாற்றம் இன்னும் ஆறவில்லை. கோல் கம்பத்தைக் காத்த ஆர். ஆறுமுகத்தின் பெயரை உச்சரிக்கும்போதே குரல் மாறிவிடும் பெரியவர்கள் இன்றைக்கும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய அவர், 1988-இல், 35-ஆம் வயதில், சாலை விபத்தில் மாண்டார். அந்தக் கைகள் அறிந்திருந்த வித்தையை ஒரு சிஷ்ய பரம்பரைக்குக் கொடுத்து முடிக்க, விதி அவருக்கு அவகாசம் தரவில்லை.

பல தேசங்கள் விலகி நின்றதால் நேர்ந்த விசித்திரங்களில் ஒன்றையும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். இந்தியாவின் ஆடவர் கூடைப்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அந்த ஒரே தடவைதான். அதுவும் சோவியத் அணி இருந்த பிரிவிலேயே அதற்கு இடம் கிடைத்தது. கொப்பரையில் தீ மூட்டிய பெலோவின் அணியை எதிர்த்து நின்ற இந்திய இளைஞர்கள், கடைசி இடத்தோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் தோற்றதில் அவமானம் ஏதும் இல்லை. உலகத்தின் தலைசிறந்த கூடைப்பந்துக் கல்வி எப்படியிருக்கும் என்பதைக் கண்ணாரக் கண்டு வந்தவர்கள் அவர்கள்.

பெலோவ் பிறந்தது 1944-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதி, சைபீரியாவில் தோம்ஸ்க் பிரதேசத்து நாஷ்சேகோவோ என்னும் கிராமத்தில். போர் முடியாத காலம், கடுங்குளிர்ப் பிரதேசம். அங்கிருந்து வளர்ந்து வந்த பையன் முதன்முதலில் பெரிய அணியொன்றில் இடம் பிடித்தது 1964-இல், உரால் மலைப் பகுதியிலுள்ள ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்தில், 'உரால்மாஷ்' என்ற அணியில். உரால்மாஷ் என்பது கனரக இயந்திரங்கள் செய்யும் மாபெரும் தொழிற்சாலையின் பெயர். அணி அந்தத் தொழிற்சாலையைச் சேர்ந்தது. இதைக் கேட்டதும் நம் கெடா வாசகர்களுக்கு ஒன்று உடனே விளங்கிவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அணி இருந்த காலம் நம்முடையது. கிராணியார் ஒருவர் பந்து வாங்கிக் கொடுப்பார். தண்டல் ஒருவர் அணியைக் கூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த தோட்டத்திலிருந்து லாரியில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். லயத்து ஜனங்கள் அத்தனை பேரும் திடலைச் சுற்றி நிற்பார்கள். உழைக்கும் இடமே ஆட்டத்துக்கும் தாயகமாயிருந்த அந்த அமைப்பு, ரஷ்யத் தொழிற்சாலைக்கும் மலாயாத் தோட்டத்துக்கும் பொதுவானது. வித்தியாசம் ஒன்று உண்டு. தொழிற்சாலை அணியில் மினுங்கிய பையனை மேலே கொண்டுபோக அங்கே படிகள் இருந்தன. நம் திடல்களில் மினுங்கியவர்களுக்கு அடுத்த படி இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை.

பெலோவ் அந்தப் படியில் ஏறி, இராணுவத்தின் அணியாகிய மாஸ்கோ சி.எஸ்.கே.ஏ.-வில் சேர்ந்தார். 190 சென்டிமீட்டர் உயரம் கூடைப்பந்தில் பெரிய உயரமன்று. ஆனால் ஓடி வந்த வேகத்திலேயே சட்டென்று நின்று, நின்ற இடத்திலேயே நேராக எழும்பி, எழும்பிய உச்சியில் பந்தை விடுவிக்கும் லாகவத்தில் அவரை மிஞ்ச அன்றைய ஐரோப்பாவில் ஆள் கிடையாது. சி.எஸ்.கே.ஏ.-வோடு பதினொரு முறை சோவியத் சாம்பியன். 1969, 1971 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பை. 1967-லும் 1974-லும் உலக சாம்பியன். 1970-இல் லூப்லியானாவில் நடந்த உலகப் போட்டியில் அணிக்கு மூன்றாம் இடம்தான் என்றாலும், தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே. நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடி நான்கிலும் பதக்கம் வென்றார். ஒன்று தங்கம், மூன்று வெண்கலம். 1978-இல் நம் வட்டாரத்துக்கே, மணிலாவுக்கே, அவர் வந்து ஆடியிருக்கிறார். அந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் 82-81 என்று ஒரே புள்ளியில் யூகோஸ்லாவியாவிடம் சோவியத் அணி தோற்றது. பட்டியல் போதும். இவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை இரண்டே சம்பவங்கள்.

முதலாவது 1971-ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் நகரத்தில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரணி இத்தாலியின் இக்னிஸ் வாரேசே. சி.எஸ்.கே.ஏ.-வின் பயிற்றுநர் அலெக்சாந்தர் கோமெல்ஸ்கி, ரீகா நகரத்து அணியோடு மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை வென்று மாஸ்கோவுக்கு வந்தவர், சோவியத் கூடைப்பந்தின் பீஷ்மர் என்றே சொல்லத்தக்கவர். அவரால் அந்த ஆட்டத்துக்கு அணியோடு எல்லை கடந்து போக இயலாமற்போயிற்று. 27 வயதுப் பெலோவ், களத்தில் ஆடிக்கொண்டே அணியை நடத்தும் பாரத்தையும் தோளில் ஏற்றுக்கொண்டார். தாம் ஓட வேண்டும், எறிய வேண்டும், எதிரியைத் தடுக்க வேண்டும்; அதே மூச்சில் யார் களைத்திருக்கிறான், யாரை உட்கார வைக்க வேண்டும், எப்போது ஆட்டத்தை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். 67-53 என்று சி.எஸ்.கே.ஏ. வென்றது. பத்தாண்டு கழித்துக் கையிலெடுக்கப் போகிற தொழிலின் முதற்பாடம் அவருக்கு அன்றிரவு கிடைத்ததென்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது, உலகமே அறிந்த மியூனிக் இறுதியாட்டம். 1972 செப்டம்பர் 9-ஆம் தேதி இரவு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் வசதிக்காக நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய அந்த ஆட்டத்துக்கு முன்பு, ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்கா 63 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்றதில்லை. சில தினங்களுக்கு முன்னர்தான் இஸ்ரேலிய வீரர்கள் கொலையுண்டு ஒலிம்பிக் கிராமமே துயரத்தில் மூழ்கியிருந்தது. ஆட்டம் நெடுகிலும் சோவியத் அணியே முன்னே நின்றது; பெலோவ் தனியொருவராக 20 புள்ளிகள் சேர்த்தார். கடைசிக் கட்டத்தில் அமெரிக்கர்கள் நெருங்கி வந்தார்கள். சோவியத் அணியின் மற்றொரு பெலோவ் — அலெக்சாந்தர் பெலோவ், செர்கேய்க்கு உறவினர் அல்லர் — தவறாகக் கொடுத்த பந்தை டக் காலின்ஸ் பறித்துக்கொண்டு ஓட, அவரைத் தடுக்கப் போய் விதிமீறல் நேர, கிடைத்த இரண்டு தனி எறிகளையும் காலின்ஸ் கூடையில் போட, 50-49 என்று அமெரிக்கா முன்னே வந்தது. மீதியிருந்தவை மூன்றே விநாடிகள்.

அந்த மூன்று விநாடிகளும் மூன்று முறை ஆடப்பட்டன. முதல் முறை ஆட்டம் இடையில் நிறுத்தப்பட்டது. இரண்டாம் முறை கடிகாரம் சரியாகத் திருப்பி வைக்கப்படவில்லை. வென்றுவிட்டோம் என்று அமெரிக்கர்கள் ஒருவரையொருவர் தழுவிக் குதித்துக்கொண்டிருக்கையில், மறுபடியும் மூன்று விநாடி ஆட வேண்டும் என்று உத்தரவாயிற்று. சோவியத் பயிற்றுநர் விளாதிமிர் கொந்திராஷின், நெடுந்தூரம் குறி தவறாமல் எறியக்கூடிய இவான் எதேஷ்கோவைப் பந்தெறிய நிறுத்தினார். களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எதேஷ்கோ எறிந்த பந்தை, சற்று முன்பு தவறு செய்த அதே அலெக்சாந்தர் பெலோவ், இரு அமெரிக்கர்களுக்கு நடுவில் எழும்பிப் பிடித்துக் கூடையில் இட்டார். 51-50. முறையீட்டுக் குழு மூவருக்கு இருவர் என்ற கணக்கில் அந்த முடிவை உறுதி செய்தது; அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள், இன்றளவும் வாங்கவில்லை.

நியாயம் எந்தப் பக்கம் என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். என் கவனமெல்லாம் கொந்திராஷின்மீதே செல்கிறது. எந்தக் கை எவ்வளவு தூரம் எறியும் என்பதை ஆண்டுக்கணக்கில் பயிற்சிக் கூடத்தில் பார்த்து மனத்தில் பதித்து வைத்திருந்தவருக்குத்தான், அரங்கமே அல்லோலகல்லோலப்படும் கணத்தில் இன்னாரை நிறுத்து என்று சொல்ல முடியும். தவறிழைத்த இளைஞனை அந்தக் கணத்தில் வெளியே அனுப்பாமல் கூடைக்கடியிலேயே வைத்ததும் அந்த அறிவுதான். இருபது புள்ளி எடுத்த செர்கேய் பெலோவ், தாம் தொடாத பந்தினால் தம் வாழ்வின் ஒரே ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். ஆட்டக்காரன் எவ்வளவு பெரியவனானாலும், முடிவைத் தீர்மானிப்பது பல சமயங்களில் களத்துக்கு வெளியே நிற்பவனுடைய நினைவாற்றல் என்பதை இதைவிடத் துலக்கமாக அவருக்கு யார் உபதேசித்திருக்க முடியும்?

அதே மியூனிக்கில் நம் காற்பந்து அணியும் ஆடியது என்பதை இளைய வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். எம். சந்திரன் தலைமை தாங்கிய அந்த மலேசிய அணி, மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என்று வென்றது. அமெரிக்காவை வெல்ல சோவியத் வல்லரசுக்கு ஒரு புள்ளிதான் மிஞ்சிய அந்த ஒலிம்பிக்கில், தமிழர் ஒருவர் தலைமையில் நம் தேசம் மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றது என்று ஒரு தந்தை தம் மகனுக்குச் சொன்னால் அது முழு உண்மை.

இனிப் பெலோவின் இரண்டாம் வாழ்வு. ஆட்டத்தை விட்ட மறுவருஷமே சி.எஸ்.கே.ஏ. அணியை அவர் கையில் ஒப்படைத்தார்கள். 1982-இல் அதைச் சோவியத் சாம்பியனாக்கினார். 1980-களின் பிற்பகுதியில் மறுபடியும் அதே பதவி, பின்னர் சிலகாலம் இத்தாலியில் பயிற்றுநர் வேலை. இதுவரை விசேஷமொன்றும் இல்லை. நாட்டிலேயே சிறந்தவர்களைத் திரட்டி வைத்திருக்கும் இராணுவ அணியைக் கொண்டு வெற்றி பெறுவது புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவருக்கு எட்டாத காரியம் அன்று. அவருடைய யோக்கியதை தெரியவந்தது, அவர் காலூன்றி நின்ற தேசமே 1991-இல் மறைந்த பிறகுதான்.

அந்த மறைவு கூடைப்பந்துக்குச் செய்த சேதத்தைச் சற்று விளக்க வேண்டும். 1988-இல் சியோலில் தங்கம் வென்ற சோவியத் அணியின் முதுகெலும்பு லித்துவேனியர்கள்: சபோனிஸ், மார்சியுலியோனிஸ், குர்தினாய்திஸ், ஹோமிசியுஸ். சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அவர்கள் தங்கள் சுதந்திர நாட்டுக்காக ஆடப் போய்விட்டார்கள். 1992-இல் பார்சலோனாவில் லித்துவேனியாவுக்கு வெண்கலமும் வாங்கித் தந்தார்கள். உக்ரேனியர், லாத்வியர், எஸ்தோனியர் யாவரும் அவரவர் கொடியின் கீழே சென்றனர். மிச்சமிருந்த ரஷ்யாவிலோ தொழிற்சாலைகள் நின்றுபோய், அணிகளுக்குச் சம்பளம் கொடுக்க ஆளில்லாமல், திறமையுள்ளவர்கள் கிடைத்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்நிலையில், 1993-இல், ரஷ்யக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் பொறுப்பையும், அதனோடு தேசிய அணியின் பயிற்றுநர் பொறுப்பையும் பெலோவ் ஏற்றார்.

1994-இல் டொரொன்டோ உலகப் போட்டியில் அவருடைய அணி அரையிறுதியில் குரோவேஷியாவை 66-64 என்று வீழ்த்தியது. இறுதியில் அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் 137-91 என்று நசுக்கிவிட்டார்கள். ஆயினும் வெள்ளி வெள்ளிதான். 1997-இல் ஐரோப்பியப் போட்டியில் வெண்கலம். 1998-இல் ஏதென்ஸில் அரையிறுதியில் அமெரிக்காவையே 66-64 என்று வென்றார்கள். ஊதியத் தகராறினால் தொழில்முறை நட்சத்திரங்கள் வராத அமெரிக்க அணி அது என்பதையும் சொல்லிவிடுவது முறை. இறுதியில் யூகோஸ்லாவியாவிடம் 64-62 என்று இரண்டே புள்ளியில் தங்கம் நழுவியது. வெகுவாகச் சுருங்கிய ஆட்பலத்தைக் கொண்டு, இரண்டு உலகப் போட்டிகளில் தொடர்ந்து இறுதியாட்டம் வரை ஓர் அணியைக் கொண்டுபோன இந்தச் செயலை, மியூனிக் தங்கத்துக்கு ஒரு மாற்றும் குறையாததாகவே நான் மதிக்கிறேன்.

ஆனாலும் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகத் தோன்றுவது பெர்ம்.

பெர்ம் என்பது உரால் மலைத்தொடரின் மேற்குப்புறத்தில், காமா ஆற்றங்கரையில் இருக்கும் தொழில் நகரம். சோவியத் காலத்தில் ஆயுத உற்பத்தியின் காரணமாக அந்நியர் எவரும் நுழையக்கூடாதென்று மூடி வைக்கப்பட்டிருந்த ஊர். மாஸ்கோவாசிகளுக்கு அது தொலைதூரப் பட்டணம். அங்கே 1990-களின் நடுவில் 'உரால் கிரேட்' என்ற அணி புதிதாக எழுந்தது. தேசிய அணியை நடத்தியவர், சம்மேளனத்துக்கே தலைமை வகித்தவர், 1992-இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கீர்த்தி மண்டபத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுள் முதல்வராக இடம்பெற்றவர், 1999-இல் அந்தப் பட்டணத்து அணிக்குப் பயிற்றுநராகப் போய்ச் சேர்ந்தார். பெருநகரங்களை விட்டு அங்கே எதற்குப் போனார் என்று கேட்பவர்கள், அவர் தொடங்கியது எங்கே என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உரால்மாஷ் தொழிற்சாலை அணியில் 20 வயதில் பந்து தூக்கியவர், அதே உரால் பிரதேசத்துக்கு 55 வயதில் ஆசானாகத் திரும்பி வந்தார்.

ரஷ்ய லீக் தொடங்கிய 1992 முதல் 2000 வரை, ஆண்டு தவறாமல் சாம்பியனாக வந்தது ஒரே அணி: மாஸ்கோ சி.எஸ்.கே.ஏ. பெலோவ் தம் இளமையைக் கொடுத்து வளர்த்த அணி அது. அதன் பழக்கம், பலம், பலவீனம் எல்லாவற்றையும் அவரைவிட அறிந்தவர் கிடையாது. 2001-இல் பெர்ம் சாம்பியனாயிற்று. அதே ஆண்டில் வட ஐரோப்பிய லீகிலும் வென்றது. ஒரு தடவை வெல்வதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாம் என்று தலைநகரத்தார் எண்ணியிருக்கக்கூடும். 2002-இலும் பெர்மே சாம்பியன். ஒரு பட்டணம் முழுவதும் மாலை நேரத்தில் கூடைப்பந்தையே பேச்சாகக் கொள்ளும்படி செய்துவிட்டார் அவர். எல்லாருக்கும் தெரிந்த பெரிய பெயர் ஒன்று நம் ஊரில் வந்து தங்கி, நம் பிள்ளைகளோடு நாள்தோறும் வியர்வை சிந்துகிறது என்னும் நினைப்பே ஓர் ஊரை நிமிர வைக்கும். பயிற்றுநர்களுள் அவர் மிகக் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். உரக்கப் பேசுபவர் அல்லர். ஆட்டக்காரராயிருந்தபோது எந்த அடக்கத்தோடு நின்றாரோ அதே அடக்கத்தோடு களத்தின் ஓரத்தில் நின்றார்.

இதைப் படிக்கும் கெடாக்காரருக்கு அலோர் ஸ்டாரின் ஞாபகம் வராமல் இராது. 2007, 2008 ஆகிய இரண்டு பருவங்களிலும், சூப்பர் லீக், எஃப்.ஏ. கோப்பை, மலேசியக் கோப்பை என்ற மூன்றையும் ஒருங்கே வென்று தேசத்தையே பிரமிக்க வைத்தது அஸ்ராய் கோர் அப்துல்லா பயிற்றுவித்த நம் கெடா அணி. நெல்வயல் நாட்டிலிருந்து போய்த் தலைநகரத்துக் கோப்பைகளை அடுத்தடுத்து இரண்டு முறை அள்ளி வந்தவர்கள் நம்மவர்கள். பட்டணம் சிறியதாயிருப்பது தடையாகாது என்பதற்குப் பெர்மைத் தேடிப் போக வேண்டியதே இல்லை. சுங்கைப்பட்டாணியில் பிறந்த சிவசங்கரி சுப்ரமணியம் ஸ்குவாஷ் ஆட்டத்தில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் நாம் கண் முன்னே கண்ட காரியம்.

அப்படியிருந்தும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. கூடைப்பந்து நம் பிள்ளைகளின் ஆட்டமாக ஆகவே இல்லை. சுங்கைப்பட்டாணியில் சீனப்பள்ளியின் சிமெண்டுத் தளத்தில் மாலைதோறும் பந்து தட்டும் ஓசை கேட்கிறது, நம் தமிழ்ப்பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து உண்டு, அந்தக் கம்பத்தில் வளையம் மட்டுமே இருக்கும், பின்பலகை கிடையாது, பையன்களுக்குக் காற்பந்து. வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திக்கொண்டு சீனப்பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து நிற்கும் நம் பையன்களை நான் கவனித்ததுண்டு. யாராவது ஒருவர் உள்ளே அழைத்து, பந்தைக் கையில் கொடுத்து, முழங்காலை இப்படி மடக்கு என்று சொல்லித் தந்தால் போதும் என்றே தோன்றும். ஒரு சமூகம் ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது ஆசான் ஒருவர் அகப்படும்போதுதான்.

காற்பந்தில் அந்த ஆசான்கள் நமக்கு இருந்தார்கள். பீடோங்கை ஒட்டிய ஒரு தோட்டத்தில், பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்துவிட்ட பிறகும் எஞ்சியிருந்த திடலில், முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன். கூம்பு வாங்கக் காசில்லை. பிள்ளைகளின் சிலிப்பர்களையே ஒன்றரை அடிக்கு ஒன்றாக வரிசையாக வைத்திருந்தார். அவற்றின் ஊடே வளைந்து வளைந்து பந்தைக் கொண்டுபோக வேண்டும். சிலிப்பர் ஒன்று நகர்ந்தாலும் மறுபடி முதலிலிருந்து. "டேய், பந்தப் பாக்காதடா, எதுக்க வர்றவன் இடுப்பப் பாரு," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் அவர் படித்தவரில்லை. இடுப்பு திரும்புகிற பக்கம்தான் ஆள் திரும்புவான் என்பதை முப்பது ஆண்டுத் தோட்டத்து ஆட்டத்தில் அவரே கண்டுபிடித்தார். பெலோவும் பெர்ம் நகரத்தில் செய்தது அடிப்படையில் இதுவே: தம் உடல் கற்றதைப் பிறர் உடலுக்கு மாற்றிக் கொடுத்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயம் போயிற்று, கோயில் இடம் பெயர்ந்தது, பள்ளி தள்ளிப் போயிற்று என்றெல்லாம் நாம் கணக்கெடுத்தோம். திடலை யாரும் கணக்கெடுக்கவில்லை. திடல் போனதோடு அணி போயிற்று. அணி போனதோடு, ஆடி முடித்தவர் ஆசானாக நிற்கும் இடமும் போயிற்று. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது பெலோவுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இத்தகையதே. ஆனால் இடிந்து கிடந்ததிலிருந்து ஓர் அணியை அவர் எழுப்பினார். அதற்குப் பிறகு யாரும் கவனியாத பட்டணமொன்றில் இன்னோர் அணியை எழுப்பினார். உரால் கிரேட் அணியும் நிலைத்து நிற்கவில்லை. பணமுடையால் 2008-இல் கலைந்தது. அதனால் அங்கே அவர் செய்தது வீணாயிற்று என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். அவரிடம் பயின்றவர்கள் அந்தப் பயிற்சியோடுதான் வேறு அணிகளுக்குப் போனார்கள்.

மியூனிக்கில் கடைசிப் பந்தைக் கூடையிலிட்ட அலெக்சாந்தர் பெலோவ், இருதயத்தைப் பற்றிய கொடிய நோயினால் 1978 அக்டோபர் 3-ஆம் தேதி, 26 வயதில் காலமானார். தாம் அறிந்ததை எவருக்கும் கற்பிக்கும் பருவத்தை அவர் எட்டவே இல்லை. செர்கேய் பெலோவ் காலமானதும் அதே அக்டோபர் 3-ஆம் தேதிதான், 2013-ஆம் ஆண்டில், வயது 69. இரு பெலோவ்களுக்கும் இடைப்பட்ட அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரும்பகுதியைப் பயிற்சிக் கூடங்களில்தான் மூத்தவர் கழித்தார். தம் வாழ்வை அவர் எழுதி வைத்துப் போனார். அந்த நூலைத் தழுவி 2017-இல் ரஷ்யாவில் எடுத்த திரைப்படம், அந்நாட்டுப் படங்களுக்குள் அதுவரை இல்லாத வசூலைக் கண்டது. அவரைப் பற்றி நாம் இவ்வளவு விரிவாகப் பேச முடிவதும் அவர் எழுதி வைத்ததனால்தான்.

நம் திடல்களின் சரித்திரத்தை எழுதி வைத்தவர் இல்லை. ஆகவே கெடா வாசகர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: ஹார்வர்ட் தோட்டமானாலும், சுங்கை பத்து தோட்டமானாலும், கூலிம், லூனாஸ், கோல கெட்டில் வட்டாரத்து எந்தத் தோட்டமானாலும், உங்கள் தோட்டத்து அணியைப் பழக்கியவர் யார், எந்த ஆண்டுகளில் பழக்கினார், திடல் எங்கே இருந்தது, இன்று அவ்விடத்தில் என்ன இருக்கிறது என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் பின்புறத்தில் பெயர்களை எழுதி, பிரதியெடுத்து அனுப்புங்கள். அவர்களுடைய பெயர்களும் இந்தத் தொடரில் இடம்பெற வேண்டும்.

(தொடரும்)